பவுண் ஒரு காசாக இருந்த காலம்: அடைவுக்கடை மேசையும் நியாய விலையும்

யாழ்ப்பாணத்தில் தங்கத்தை ஒருத்தரும் கிராமில் கதைக்கிறதில்லை. "கொடி எத்தனை பவுண்?", "சீதனமா எவ்வளவு குடுத்தவை?", "ரெண்டு பவுணை அடைவு வைச்சுத்தான் பெடியன் வெளிநாடு போனவன்." கலியாணமோ கடனோ பயணமோ, கணக்கு பவுணில்தான். இன்றைக்கு ஒரு பவுண் என்றால் 8 கிராம். ஆனால் பவுண் முதலில் நிறையின் பெயர் இல்லை. அது ஒரு காசின் பெயர்.

பிரித்தானியா 1817இல் வெளியிட்ட தங்கக் காசுதான் அந்தப் பவுண். ஒரு பக்கம் அரசரின் தலை. மறுபக்கம் பெரும்பாலும் குதிரையில் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜோர்ஜ். நிறை 7.988 கிராம், 22 கரட். அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அது பேரரசு முழுக்கப் புழங்கியது. லண்டனில் மட்டுமில்லை, சிட்னி, மெல்பேர்ண், பேர்த் நகரங்களிலும் அடித்தார்கள். 1918இல் பம்பாயிலும் அடித்தார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்த எங்கட ஆக்களின் சம்பாத்தியம் ஊரில் கல்வீடாகவும் தங்கமாகவும் மாறியது. சில காசுகள் தாலிக்கொடியில் ஏறின. பிறகு முதலாம் உலகப் போரோடு பவுண் காசு புழக்கத்தில் இருந்து மறைந்தது. பெயரும் நிறையும் மட்டும் எங்களோடு நின்றுவிட்டன. 7.988ஐ 8 ஆக்கிக்கொண்டோம்.

ஒரு காசு வெறும் நிறையாக மாறுவது சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் கொடிகாமத்தில் ஒரு குடும்பம் அம்மம்மாவின் பெட்டியில் கிடந்த பழைய காசையோ நகையையோ அடைவுக்கடை மேசையில் வைக்கும்போது நடப்பதும் இதேதான். ஆண்டு, அச்சு, யார் செய்தது, யார் போட்டது எல்லாம் கழிந்து, மிச்சம் தராசில் நிற்பது மட்டும் விலையாகிறது. அந்த விலை நியாயமா? யாருக்கு நியாயம்? எங்கட வரலாற்றை வைத்தே இந்தக் கேள்வியைப் பார்க்கலாம்.

ஒரு செப்புக் காசின் கதை

தங்கத்தை விட்டுவிட்டுச் செம்பில் இருந்து தொடங்குவோம். யாழ்ப்பாண இராச்சியத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளை இப்போது சேது நாணயங்கள் என்கிறோம். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் "சேது" என்ற எழுத்து. உலோகமாக நிறுத்தால் இதற்குப் பெறுமதியே இல்லை. பழைய பித்தளைச் சாமானோடு சேர்த்து உருக்கினால் ஒருத்தருக்கும் தெரியவராது.

ஒரு காலம் இந்தக் காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். "சேது" என்று எழுதியிருந்தால் இராமேசுவரம் தானே நினைவுக்கு வரும். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவை யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட காசுகள் என்று வாதிட்டார். 1926இல் வந்த முதலியார் இராசநாயகத்தின் "பண்டைய யாழ்ப்பாணம்" என்ற ஆங்கில நூலும் ஆரியச்சக்கரவர்த்திகளின் கதையை விரிவாக எழுதியது. 1619இல் போர்த்துக்கேயர் அழித்த ஒரு அரசு தன் பெயரில் காசு அடித்தது என்பதற்குக் கையில் பிடிக்கக்கூடிய சான்று இந்தச் செப்புத் துண்டு.

இதில் விலை பற்றிய முதல் பாடம் இருக்கிறது. ஒரு பொருளுக்குக் குறைந்தது மூன்று பெறுமதி உண்டு. ஒன்று, அதன் உலோகத்தின் பெறுமதி. இரண்டு, சேகரிப்பவர் தரக்கூடிய விலை. அது அரிதா, தேயாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மூன்று, அது சொல்லும் வரலாறு. அடைவுக்கடைக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். அதில் கடைக்காரரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடன் திரும்பி வராவிட்டால் உருக்கியாவது காசாக்கக்கூடிய பொருளுக்குத்தான் அவர் பணம் தரலாம். பிழை எங்கே வருகிறது என்றால், கடை சொல்லும் விலையே பொருளின் முழு விலை என்று நாங்கள் நினைத்துவிடுவதில்.

ஒற்றி, ஈடு, அடைவு

பொருளை வைத்துக் கடன் எடுப்பது யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி இந்த மண்ணின் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலிமார் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதுதான் தேசவழமை. 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். இன்றும் காணி வழக்குகளில் அதன் பெயர் அடிபடுகிறது.

அந்தத் தொகுப்பில் சீதனம், முதுசம் பற்றி மட்டுமில்லை, ஒற்றி, ஈடு பற்றியும் இருக்கிறது. ஒற்றி என்பது சுவாரசியமான ஏற்பாடு. காணியைக் கடன் தந்தவரிடம் விடுகிறீர்கள். வட்டி இல்லை, விளைச்சலை அவர் எடுத்துக்கொள்வார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி உங்களுடையது. அதாவது பொருள் போய்விடவில்லை, தற்காலிகமாகக் கைமாறியிருக்கிறது. மீட்கும் உரிமை உங்களிடமே இருக்கும்.

நகை அடைவும் இதே யோசனைதான். விற்றால் பொருள் போய்விடும். அடைவு வைத்தால் நேரம் கிடைக்கும். தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து. அதனால் வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் எங்கட பெண்களுக்குக் கழுத்திலும் கையிலும் இருந்ததுதான் சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவோ, விதை வெங்காயம் வாங்குவதோ, ஆஸ்பத்திரிச் செலவோ, முதலில் இறங்குவது காப்பு. கடைசியில் இறங்குவது கொடி. அந்த ஒழுங்கை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அடைவுக்கடைகளுக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் 1942இல் வந்தது: அடகு பிடிப்போர் கட்டளைச் சட்டம், 13ஆம் இலக்கம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொழில் செய்யக்கூடாது, அடைவு வைப்பவருக்குச் சீட்டுக் கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அதன் அடிப்படை. இங்கிலாந்தில் 1872இல் இருந்தே இப்படிச் சட்டம் இருந்தது. அங்கே 10 சிலிங்குக்கு மேல் கடன் வாங்கிய பொருளைக் கடைக்காரர் தன் பாட்டில் எடுத்துக்கொள்ள முடியாது, ஏலத்தில்தான் விற்கவேண்டும். கடனும் வட்டியும் போக மிஞ்சுவது வைத்தவருக்குச் சேரவேண்டும். அவசரத்தில் இருப்பவனும் அவசரமில்லாதவனும் ஒரே மேசையில் பேரம் பேசினால் அது சமமான பேரம் இல்லை என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

1961இல் உருவான மக்கள் வங்கி பிறகு நகை அடைவில் இறங்கியது. அதோடு இந்தத் தொழில் செட்டியார்மாரின் கையிலும் தனியார் கடைகளிலும் மட்டும் இருந்த நிலைமை மாறியது.

எல்லாரும் ஒரே நாளில் விற்கும்போது

நியாய விலை என்பது நகையைப் பற்றிய அறிவு மட்டுமில்லை என்பதை எங்களுக்கு 1990கள் காட்டின.

1990இல் விடுதலைப் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுண் கேட்டார்கள். திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் வாங்கினார்கள். சிலருக்குத் திரும்பி வந்தது, பலருக்கு வரவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் மாதம் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தென்மராட்சியில், சாவகச்சேரியில்தான் அது முதலில் தொடங்கியது. ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். பணமும் நகையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். இதை விலை பற்றிய கட்டுரையில் ஏன் சொல்லவேணும் என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்து நகை, பழைய இரும்பு, பித்தளை வியாபாரத்தில் பெரிய பங்கு அவர்களுடையது. பொருளின் பெறுமதி தெரிந்த ஒரு சமூகத்தின் சொந்தப் பொருளுக்கு அன்றைக்கு விலையே இருக்கவில்லை. எங்கட நகை போன கதையை மட்டும் சொல்லி இதை விட்டால் அது அரைவாசிக் கதை.

சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் இடம்பெயர்ந்தது. நான்கு, ஐந்து லட்சம் என்று கணக்கிடப்படும் மக்கள் நாவற்குழிப் பக்கத்தால் தென்மராட்சிக்கு வந்தார்கள். சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் எல்லாம் ஒரு இரவுக்குள் நிரம்பின. பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் தென்னந்தோட்டங்களும் வீடாயின. 1996 ஏப்ரல் வரை, அதாவது கிட்டத்தட்ட ஆறு மாதம்.

கையில் கொண்டுவரக்கூடிய சொத்து என்ன? நகை. தேவை என்ன? அரிசி, கிடுகு, மருந்து. விற்கவேண்டிய ஆயிரம் பேர், வாங்கக் காசு இருப்பவர் நாலு பேர். கொழும்பில் பவுண் என்ன விலை என்பது இங்கே செல்லாது. பாதை பூட்டிக்கிடக்கிறது. இந்த மாதிரி இடத்தில் தராசு சரியாக இருந்தாலும், உரைகல் பொய் சொல்லாவிட்டாலும், விலை நியாயமாக வராது. ஏனென்றால் விலையை முடிவு செய்வது தங்கத்தின் மாற்று இல்லை. யாரால் காத்திருக்க முடியும் என்பதுதான்.

கொடிகாமம் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. காலையில் மாம்பழத்துக்கு ஒரு விலை, வெயில் ஏறினால் இன்னொரு விலை. பலாப்பழம் நாளைக்கு இருக்காது, ஆனபடியால் இன்றைக்குக் குடுத்துவிட்டுப் போகவேணும். யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயியிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ "கழிவு" எடுக்கிற வழக்கத்துக்கு எதிராக எத்தனை தரம் குரல் எழுந்தது என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நகைக்கடையில் கழிவு, சேதாரம் என்று வெட்டப்படுவதும் அந்தக் கழிவின் தம்பிதான். தங்கம் அழுகாது. ஆனால் அதைக் கொண்டுவருபவரின் தேவை மாம்பழத்தை விட வேகமாக அழுகும்.

போர் முடிந்தபிறகும் இந்தக் கணக்கு முடியவில்லை. 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் நகை அடைவு வைத்தவர்கள் 2009க்குப் பிறகு யாரிடம் சீட்டைக் காட்டுவது? இறுதிப் போரில் மீட்கப்பட்ட நகைகளில் ஒரு பகுதி 2014இல் உரியவர்களிடம் கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. 2025 மே மாதம் இராணுவம் தன் வசம் இருந்த தங்கத்தையும் வெள்ளியையும் பொலிஸிடம் கையளித்தது. அந்தப் பைகளுக்குள் இருப்பது எத்தனை கிலோ என்று எண்ணலாம். எந்தக் காப்பு எந்தக் கையில் கிடந்தது என்பதைத் தராசு சொல்லாது.

மேசையில் விலை எப்படி உருவாகிறது

இப்போதைக்கு வருவோம். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் இரண்டு வியாபார நாட்களுக்குள் அவுன்ஸுக்கு இருநூறு டொலர் அளவில் விழுந்தது. அதுக்கு முதல் இலங்கை வங்கிகள் போட்டிபோட்டு அடைவுக் கடன் கொடுத்திருந்தன. கடன் நகையின் விலையை விடக் கூடிவிட்டதால் கனபேர் மீட்க வரவேயில்லை. 2022இல் நேர்மாறு. டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்தில் 360 ரூபாவரை போனது. தங்கம் டொலரில் அசையாமல் நின்றிருந்தாலும் ரூபாவில் பவுண் விலை ஏறியிருக்கும். "பவுண் ஏறிட்டுது" என்று சந்தோசப்பட்டோம். உண்மையில் ரூபா இறங்கியிருந்தது.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். அதன் டொலர் விலையை ரூபாவாக்கி, 31.1ஆல் பிரித்து, 8ஆல் பெருக்கி, 24இல் 22 பங்கை எடுத்தால் 22 கரட் பவுணின் உலோகப் பெறுமதி வரும். உதாரணத்துக்கு அவுன்ஸ் 2,000 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒரு பவுண் ஏறத்தாழ 141,500 ரூபா. கடைக்குப் போகமுதல் அன்றைய எண்களைப் போட்டு இந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு போங்கோ. கடை அதைவிடக் குறைத்துத்தான் சொல்லும், அதுக்கும் இலாபம் வேணும். ஆனால் எவ்வளவு குறைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது மாற்று. 22 கரட்டை 21 என்று எழுதினால் 22இல் ஒரு பங்கு போய்விடும். 11 பவுண் கொடியில் அது அரைப் பவுண். தராசில் 8 கிராமுக்கு 0.2 கிராம் குறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே உங்கள் கண்ணுக்கு முன்னால் நிறுக்கச் சொல்லுங்கோ. கல் பதித்த நகை என்றால் கல்லுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேளுங்கோ. ஒரு கடையோடு நிற்காமல் இரண்டு மூன்று இடம் கேளுங்கோ. விற்கிறதா, அடைவு வைக்கிறதா என்பதை வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போங்கோ. மேசையில் வைத்து யோசித்தால் மேசைதான் வெல்லும்.

பழைய பவுண் காசு கிடைத்தால் கொஞ்சம் பொறுங்கோ. விட்டம் 22 மில்லிமீற்றர் அளவில் இருக்கவேணும். குதிரைப் பக்கத்தில் ஆண்டுக்கு மேலே நிலத்தில் சின்ன எழுத்து இருக்கிறதா என்று பாருங்கோ. S என்ற எழுத்து இருந்தால் சிட்னி, M மெல்பேர்ண், P பேர்த், I பம்பாய். எழுத்து இல்லாவிட்டால் பெரும்பாலும் லண்டன். பெரும்பாலான ஆண்டுகளுக்கு உலோக விலையை விடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் 1917இல் லண்டனில் அடித்தது போன்ற சில காசுகள் அரிது. அரிது என்பதாலேயே அதில் போலிகளும் அதிகம். காது ஒட்டிக் கொடியில் கோர்த்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்பமாட்டார்கள். எங்கட வீட்டுக் காசுகள் கனக்க இந்த வகைதான். புளி போட்டோ பிரஷ் போட்டோ மினுக்கவே வேண்டாம். மினுக்கிய பழைய காசு விலை இறங்கிய காசு.

விற்கக்கூடாத சில

சேது நாணயம், ஒல்லாந்தர் கம்பனியின் செப்புத் துட்டு போன்றவை வேற கதை. 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகப் பார்க்கிறது. அனுமதி இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நிலத்தில் தோண்டும்போது அகப்பட்டது உங்கள் காணியில் கிடந்தது என்பதால் மட்டும் உங்களுடையதாகிவிடாது. "கண்டெடுத்த காசு, நல்ல விலைக்கு எடுப்பம்" என்று யாராவது வந்தால் அந்த நல்ல விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்கவேணும்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது தெற்கில் இருந்து பழைய பொருள் வியாபாரிகள் வந்து யாழ்ப்பாணத்துப் பழைய கதவு, தூண், தளபாடங்களை வாங்கிப்போனார்கள் என்று அந்தக் காலத்தில் பரவலாகக் கதைத்தார்கள். இடிந்த வீட்டுக்காரருக்குக் கூரை போடக் காசு வேணும், கதவு யாருக்கு வேணும்? விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வண்டிகளில் போனதற்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை என்பது தனி இழப்பு. அதைத் தடுக்கப் பணம் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே விற்கமுதல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு சதமும் செலவில்லை. காசோ கொடியோ விளக்கோ, இரண்டு பக்கமும் படம் எடுங்கோ. நிறையையும் அளவையும் எழுதுங்கோ. யார் வாங்கினது, எந்த ஊர்ப் பத்தர் செய்தது, எத்தனை தரம் அடைவுக்குப் போய் மீண்டு வந்தது என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கோ. பழைய காசு என்றால் நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருட் காட்சிச்சாலையிலோ பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிலோ காட்டலாம். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றவர்கள் இலங்கைத் தமிழரின் நாணயங்கள் பற்றித் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். வாசிக்கத் தொடங்க அது போதும்.

அதுக்குப் பிறகும் விற்கவேண்டி வரலாம். வரும். பல்கலைக்கழகத்தில் எங்களோடு இருக்கும் கனபேரின் படிப்பே அம்மாவின் காப்பில்தான் ஓடுகிறது. அந்தக் காப்புக்குச் சரியான நிறையும் சரியான மாற்றும் அன்றைய விலையும் கிடைக்கவேணும் என்று கேட்பது கஞ்சத்தனம் இல்லை, உரிமை. காத்திருக்க முடியாதவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது அவரோடு கூடப் போய்க் கணக்குப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆளாக இருக்க எங்கட வயது காணும்.